ஒருசந்தி நாளில் கொடுத்த மாத்திரை

என் மாமனாரின் பின்கழுத்தைத் தொட்ட கணம் இன்னும் விரல்களில் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் காலை பதினோரு மணி. பாத்திகளின் வெண்மையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தவரின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கழுத்து மட்டும் பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. வெயிலில் வருகிற வியர்வை இப்படி இருக்காது. அப்படியானால் இது எந்த வியர்வை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர் அங்கே மேஸ்திரி. முந்தைய ஆண்டு அவருக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலிக்கவே இல்லை, வெறுமனே வியர்த்தது. உப்பளத்தில் ஒருவருக்கு வியர்ப்பதை யார் கண்டுகொள்வார்கள்? எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்து நிழலில் படுக்க வைத்தார்கள். யாருக்கு மயக்கம் வந்தாலும் அங்கே அதுதான் வைத்தியம். தாமதமாகப் போய்ச் சேர்ந்த மருத்துவமனையில்தான் அவருக்குச் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. பல வருடமாக இருந்திருக்கும், வலி தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவர் காலில் ஆறாமல் கிடந்த புண்ணுக்கு நாங்கள் எல்லோரும் உப்புத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த நாள் முதல் மாத்திரைகள் என் பொறுப்பாயின. மாமியார் இல்லை. கணவருக்குப் புதுச்சேரியில் ஷிப்ட் வேலை. நான் டிகிரி முடித்தவள் என்பதால் மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பேன்; மூடிய பிறகு சந்தேகம் வந்து மறுபடி திறப்பேன். அவருடைய டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். பக்கத்து வீட்டார் கொடுத்த லட்டை அவர் கையிலிருந்தே வாங்கி வைத்தேன். போலீஸ்காரம்மா வந்துட்டாங்க என்று சிரிப்பாரே தவிர, ஒரு நாளும் மீறியதில்லை.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிறு வயதிலிருந்தே அந்த நாட்களில் ஒருசந்தி இருப்பவர் அவர். மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. நோயாளிகளுக்கு அது கட்டாயமில்லை என்று பங்குச் சாமியாரே சொல்லியிருந்தார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"ஏம்மா, ஆண்டவரு எனக்கு ரெண்டாவது உசுரு குடுத்திருக்காரு. அரை நாளு பட்டினி கெடக்க மாட்டேனா?" என்றார்.

மாமனாரிடம் அதற்குமேல் வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மாத்திரைகளை விடவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்குமான ஆறையும் உள்ளங்கையில் வைத்து, விழுங்கி முடிக்கும் வரை நின்று பார்த்தேன். வெறும் வயிற்றில் கொடுக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நாள்கூட விடக் கூடாது என்ற பேச்சு அந்த நினைப்பை அடக்கிவிட்டது.

அவர் வேலைக்குப் போன சில மணி நேரத்தில், மேஸ்திரி ஒரு மாதிரியாகப் பேசுகிறார், உடனே வாருங்கள் என்று உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் போன் செய்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வழக்கம்போல உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்திருந்தார்கள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தார்கள், அது இன்னும் வரவில்லை. அவருக்கு இதயம் என்றாலும் வியர்க்கும், சர்க்கரை குறைந்தாலும் வியர்க்கும். விரலைக் கழுவித் துடைத்து ஊசியைக் குத்தினேன். உப்பில் காய்த்துப்போன தோல், ரத்தம் வரவில்லை. அடுத்த விரலிலும் வரவில்லை. அவர் கை நடுங்கவே இல்லை. சர்க்கரை குறைந்தால் கை நடுங்கும் என்று எங்கோ படித்திருந்ததால், இது இதயம்தானோ, நான் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று உள்ளுக்குள் பதறினேன். மூன்றாவது முறை, சுண்டுவிரலின் ஓரத்தில், ஒரு சொட்டு வந்தது. மிஷின் முப்பத்தெட்டு என்று காட்டியது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

ஒரு பெண் தன் பையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்து, யாரோ வழியில் போகிறவளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வேணாம்மா. எங்க வூட்டுப் பொண்ணு திட்டும்."

"அந்தப் பொண்ணுதான் குடிக்கச் சொல்லிச்சு மாமா. குடிங்க."

அதைக் கேட்டதும் வாயைத் திறந்தார். கால் மணி நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. என்னை அடையாளம் கண்டு, புள்ளைய யாருகிட்ட வுட்டுட்டு வந்த என்று கேட்டார்.

சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று மருத்துவமனையில் மறுநாள் வரை வைத்திருந்தார்கள். டாக்டர் எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். ஒரு நாள்கூட விடக் கூடாது என்றது இதயத்துக்கான மாத்திரைகளை. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தது, சாப்பாடு இல்லையென்றால் அதுவும் இல்லை. இதயத்துக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. பிறகு, சீட்டைப் பார்த்தபடியே, காலையில் மாத்திரையை யார் கொடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"யாரும் குடுக்கல டாக்டர். நானேதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதுக்குத் தெரியாது."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்; நான் திருத்தவில்லை. வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில், தவக்காலத்தில் பொய் சொல்லிவிட்டீர்களே என்று மெதுவாகக் கேட்டேன். அதச் சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ புள்ளையப் பாரு என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார், இதயம்தான். இப்போது கணவருக்கும் சர்க்கரை எல்லையில் இருக்கிறது. அவர் சாப்பிட்டாரா என்று நான் ஒரே காலையில் மூன்று முறை கேட்பதால் எரிச்சல்படுகிறார். மாமாவின் மருத்துவமனைக் காகிதங்களைச் சென்ற வாரம் ஒழுங்குபடுத்தியபோது, நோயாளி தானாகவே மாத்திரை எடுத்துக்கொண்டார் என்ற வரி கண்ணில் பட்டது. அந்த வரி தவறு. கொடுத்தது நான். அவர் சாப்பிடவில்லை என்று தெரிந்தே கொடுத்தேன்.