மூன்று புரொஜெக்டர்களுக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு, ஸ்லைடு காட்சிகள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். ஆறு மாதப் பயிற்சி. ஐந்தாவது மாதத்தில், மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஆயுத பூஜைக் காட்சிக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள்.

"படங்க சேர்ற எடத்துல கோடு தெரியாம வந்தா, இனிமே வெளிவேலை எல்லாம் நீயே பாத்துக்கோ. தெரிஞ்சா, ஆபீஸ்ல உக்காந்து ஸ்லைடுக்கு ஃபிரேம் மாட்டிட்டு இரு" என்றார் எங்கள் முதலாளி. கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே அதைச் செய்வார் என்று நம்பினேன்.

தொழிலாளர்கள் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்கும் படத்தை மூன்று ஸ்லைடுகளாக எடுத்திருந்தோம். மூன்று புரொஜெக்டர்களும் அவற்றைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்ட, ஒரே நீளப் படமாகத் தெரிய வேண்டும். ஓரங்களில் ஒரு படம் மற்றதன்மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அங்கே வெளிச்சம் இரட்டிப்பாகாமலிருக்க, ஸ்லைடின் ஓரத்தில் சிறுகச் சிறுகக் கறுத்துக்கொண்டே போகும் ஃபிலிம் துண்டு ஒன்றை வைப்போம். ஒரு படம் மங்கும் இடத்தில் மற்றது தெளியும். கணக்கு சரியாக வந்தால் சேர்ந்த இடமே தெரியாது. கொஞ்சம் தள்ளிப்போனால் அங்கே நிற்பவருக்கு இரண்டு மூக்கு.

இடதுபக்கம் படங்கள் சேரும் இடத்தில் நின்றவர் அந்தத் தொழிற்சாலையைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. "ரெண்டு படத்துலயும் வருவீங்க, அசையாதீங்க" என்று சொல்லி அவரை அங்கே நிறுத்தியது நான்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூஜையன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். ஷெட்டின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கட்டம் போட்ட ஸ்லைடுகளை மூன்றிலும் செருகி, கோட்டோடு கோடு பொருத்தினேன். புரொஜெக்டரின் முன்பக்கக் காலைக் கொஞ்சம் திருகுவது, திரைவரை நடந்துபோய்ப் பார்ப்பது, திரும்பி வந்து மறுபடி திருகுவது. மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மேஜைமேல் ஒவ்வொரு காலைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நோட்டில் பட்டியலை டிக் செய்தேன்: பல்பு மூன்றும் ஒரே சமயத்தில் வாங்கியது, லென்ஸ் துடைத்தது, ஃபோகஸ், கட்டம், வட்டம். பிறகு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது மூன்று புரொஜெக்டர்களும் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. மேஜை ஈரமாக இருந்தது. வட்டங்கள் இல்லை.

"லேத்துக்கு வெச்சேன், டிரில்லிங் மெசினுக்கு வெச்சேன். இத மட்டும் உட்டுட்டா நல்லாவா கீது?" என்றார் அக்கா. "மேஜ பூரா சாக்பீசு கிறுக்கல் வேற. தூக்கி வெச்சுட்டு நல்லா தொடச்சேன்."

"லென்ஸ்ல வெக்கலையே?"

"கண்ணுல போயி எவளாவது பொட்டு வெப்பாளா?"

படத்தைப் போட்டேன். அக்கா திரையருகே போய்ப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எனுக்கு ரெண்டு மூக்கு கீது!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "எங்க ஊட்டாளுங்கல்லாம் கள்ளிக்குப்பத்துலேந்து வந்துகினு கீறாங்கம்மா."

காட்சிக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. கட்டம் போட்ட ஸ்லைடுகளை மறுபடி செருகினேன். காலையில் நேரத்தைத் தின்றது திருகல் அல்ல, நடைதான். "அக்கா, நீங்க அங்கேயே நில்லுங்க" என்றேன். "ரெண்டு கோடும் ஒண்ணாகிற வரைக்கும் சொல்லிட்டே இருங்க." நடு புரொஜெக்டரைத் திரைக்கு நேராக நிறுத்திவிட்டு, இடதுபக்கத்தில் தொடங்கினேன்.

அக்கா முன்பு கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். கொத்தனார்கள் பேசும் அளவிலேயே பேசினார். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஒரு நூல்.

"ஒரு நூலு மேல தூக்கு. ஐயோ, ஏறிடுச்சு. அர நூலு எறக்கு. ஆங், அப்டியே உடு!"

நாலைந்து முறைக்குப் பின், திருகாணியை எவ்வளவு திருப்பினால் ஒரு நூல் என்பது என் விரலுக்குப் பிடிபட்டது. வாசலில் எட்டிப் பார்த்த லேத் ஆபரேட்டர் ஒருவர், "இன்னாக்கா, மேஸ்திரி ஆயிட்டியா?" என்றார்.

"கம்முனு போடா. கோட்டு மேல கண்ணா கீறேன்."

வலதுபக்கமும் முடிந்தபோது ஆட்கள் உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள். விளக்கை அணைத்து, கட்டங்களை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். தங்கள் முகங்களை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் கூட்டம் சத்தம் போட்டது. காட்சியைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி எழுந்து திரையின் ஓரமாக வந்து நின்றார். கொஞ்ச நேரம் இடமும் வலமுமாகப் பார்த்தார்.

"எங்கம்மா சேருது?"

நான் வாய் திறப்பதற்குள், வீட்டாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா குரல் கொடுத்தார்: "என் மூஞ்சிலதான் சார். தெர்தா?"

முதலாளி குனிந்து பார்த்தார். அக்காவுக்கு ஒரே மூக்குதான் இருந்தது.

"அடுத்த வாரம் நசரத்பேட்டைல ஒரு வேலை இருக்கு" என்றார் என்னிடம். "நீயே போயிட்டு வந்துடு."

அன்று பூஜை முடிந்து புரொஜெக்டர்களைப் பெட்டியில் வைத்தபோது சந்தனத்தைத் துடைக்கவில்லை. நோட்டை எடுத்து, பட்டியலின் உச்சியில், பல்புக்கும் மேலே, ஒரு வரி எழுதினேன்: பொட்டு வைத்தாகிவிட்டதா?