மலர் அக்காவின் இலக்கம்

மலர் அக்கா கணினியோடு கதைப்பார். திரையில் ஏதாவது மறித்துக்கொண்டு நின்றால் நாற்காலியைக் கிட்ட இழுத்து, "என்னடா ராசா, ஆர் உன்னை மறிச்சது?" என்று கேட்பார். கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நான் அதே நாற்காலியில் இரண்டு வருடம் இருந்தேன். என் பேச்சுக்கு அங்கே யாரும் சிரித்ததாக நினைவில்லை.

கடை என்றால் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருக்கும் அச்சகம். குலசேகரம் அண்ணையுடையது; எங்களுக்கு அவர் குலம் அண்ணை. கல்யாணக் காட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர், இடையிடையே கவுன்சிலுக்குத் தமிழ்த் துண்டுப் பிரசுரம். படிப்பை முடித்த கையோடு 1991இல் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் அந்த மேசையும் அந்த ஜன்னலும் அலுத்துப்போயின. "ஆறு மாதத்திலை வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு முதுகுப் பையோடு புறப்பட்டவள், இந்தியா, நேபாளம் என்று தொடங்கி தென் அமெரிக்கா வரைக்கும் போய், 1996இல்தான் மோர்டனில் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அந்த மூன்று வருடமும் அம்மா தொலைபேசியில் எனக்குச் சொன்ன செய்திகளில் பாதி மலர் அக்காவைப் பற்றியது. "உன்ரை கதிரையிலை இப்ப ஒரு பிள்ளை இருக்குது. கெட்டிக்காரி." பிறகு, "குலசேகரம் இப்ப அவவைக் கேக்காமல் ஒண்டும் செய்யிறதில்லையாம்." பொலிவியாவில், லா பாஸில், தொலைபேசிப் பெட்டிக்குள் காசு போட்டுப் போட்டு நான் கேட்டது இதைத்தான்.

செல்வமலர் கனகரத்தினம் பருத்தித்துறைக்காரர். 1989இல் கோலியர்ஸ் வுட்டில் இருந்த தமையனிடம் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி லோன்றியில் துணி மடித்தார். பிறகு பெற்றோல் ஸ்ரேசன் ஒன்றில் ஷிப்ட். அங்கே ஆட்கள் வராத நேரத்தில் கணினிப் புத்தகம் ஒன்றை அகராதியோடு வைத்து வாசித்தாராம். இதைத் தானே எல்லோருக்கும் சொல்வார். அடக்கம் என்ற குணம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "நான் வர முதல் இஞ்சை 'ஞ' அடிக்கிறதெண்டால் ரெண்டு கையும் ஒரு காலும் வேணும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் வருமுன் இங்கே 'ஞ' அடித்தது நான்.

ஆனால் அது உண்மை. குலம் அண்ணை இலவசமாகக் கிடைத்த யுனிக்ஸ் மாதிரியான ஏதோ ஓர் இயங்குதளத்தை ஒரு பழைய கணினியில் ஏற்றி வைத்திருந்தார். மலர் அக்கா அதற்குள் புகுந்து, விசைப்பலகையில் எந்தக் கட்டையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வர வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதினார். கல்யாணக் காட்டுக்கு எந்த எழுத்துரு, எவ்வளவு ஓரம், நினைவு மலருக்கு எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அவை இல்லாவிட்டால் அச்சில் தமிழுக்குப் பதில் பூச்சி ஊர்ந்த மாதிரி ஏதோ வரும். அத்தனையையும் பூட்டியும் வைத்தார். வாசிக்கவும் எழுதவும் அவருக்கு மட்டுமே அனுமதி. ஏன் என்று கேட்டால், "திறந்து விட்டால் ஆரும் வந்து கிண்டிப் போடுவினம்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவரை எனக்கு நன்றாக விளங்கியது.

நான் திரும்பி வந்த வாரம்தான் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெனடிக்ற், மினிகாப் டாக்ஸி ஓடுகிறவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தமையன் முதலில் வரமாட்டேன் என்று நின்று, பிறகு வந்து முன்வரிசையில் இருந்தாராம். அம்மா போய்விட்டு வந்து கூறைச் சேலையின் நிறத்தை மூன்று விதமாக வர்ணித்தார். "அவவுக்கு இனி கோலியர்ஸ் வுட் கடையும் வரப் போகுது" என்றும் சொன்னார்.

அந்தக் கடைதான் விஷயம். ஓர் ஆஸ்பத்திரி தன் தமிழ்ப் பிரசுரங்கள் எல்லாவற்றையும் குலம் அண்ணையிடம் கொடுப்பதாக இருந்தது. புதன்கிழமை வந்து வேலையைப் பார்ப்பார்கள். பிடித்தால் கோலியர்ஸ் வுட்டில் இன்னோர் அறை, அதற்குப் பொறுப்பு மலர் அக்கா. கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பும் அவர் கையில். அவருக்கு அதில் இருந்த ஆசை கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு இருந்த ஆசை எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் வேளைக்கே, மலர் அக்காவுக்கு முன்பே, கடைக்குப் போய்விட்டேன். குலம் அண்ணை என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்து, கணினியில் எனக்கு ஒரு கணக்குத் திறந்தார். அவர் வழக்கம் என்னவென்றால், தகப்பன் பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர். அதோடு ஒரு இலக்கம். முதன்மைக் கடவுச்சொல்லை, ரூற் பாஸ்வேர்ட் என்பார்களே அதை, அடிக்கும்போது கையை ஒரு பேப்பரால் மூடிக்கொள்வார்.

"மலருக்கும் இப்பவே மாத்திப் போட்டன்" என்றார் பெருமையோடு. "கலியாணம் முடிச்ச பிள்ளையைத் தகப்பன்ரை எழுத்தோடை வைச்சிருக்கிறது வடிவில்லை. பழைய கணக்கை அழிச்சு, புருசன்ரை எழுத்திலை புதுசா ஒண்டு."

மலர் அக்கா தொதல் பலகாரத்தோடு வந்தார். புதுத் தாலிக்கொடி பனிக்கோட்டுக்கு வெளியே கிடந்தது. எல்லோருக்கும் தொதல் கொடுத்து, எனக்குக் கொஞ்சம் சின்னத் துண்டாகக் கொடுத்து, தன் மேசையில் அமர்ந்து புதுப் பெயரை அடித்தார். கணினி உள்ளே விட்டது. தன் கோப்புறையைத் திறக்கச் சொன்னார். அனுமதி இல்லை என்றது.

"என்னடா ராசா?" என்றார். மறுபடியும் அனுமதி இல்லை.

அவருக்கு இதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தான் யார் என்று கணினியைக் கேட்பார். பிறகு கோப்பு யாருடையது என்று கேட்பார். பிறகு அதற்குப் போகிற வழியில் உள்ள கதவுகளைப் பார்ப்பார். யார் என்று கேட்டதற்குப் புதுப் பெயர் சரியாக வந்தது. கோப்பு யாருடையது என்று பார்க்கவே விடவில்லை.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. உங்கடை கடவுச்சொல்லிலை போய் இதைப் பாருங்கோ."

குலம் அண்ணை பேப்பரோடு வந்தார். மூடினார், அடித்தார். திரையில் வரிசையாகக் கோப்புகளின் பெயர்கள் இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் பெயர். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்தான். என் அப்பாவின் எழுத்தோடு தவநாயகி. நான்.

"இது எல்லாம் தவான்ரை எல்லோ?" என்றார் குலம் அண்ணை.

"என்ன விசர்க் கதை அண்ணை! இது என்ரை."

"பேர் கிடக்குதே பிள்ளை. மிசின் ஏன் பொய் சொல்லப் போகுது? போக முதல் தவாதானே இதெல்லாம் தொடக்கினவ."

என்னவென்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. என் மேசைக்குப் போய் என் பெயரில் உள்ளே புகுந்து, அந்தக் கோப்புறையைத் திறந்தேன். திறந்தது. எழுத்துக் கோப்பும் திறந்தது. ஒரு வரி தட்டிப் பார்த்தேன். ஒலிக்கு ஏற்றபடி எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, கொம்பும் காலும் சரியான இடத்தில், வந்து குந்தின. அவ்வளவு சுகமாக நான் தமிழ் அடித்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மலர் அக்கா பின்னால் வந்து நின்றார்.

"உன்ரை எண்டால் சொல்லு பாப்பம். 'ஞ' எந்தக் கட்டையிலை?"

நான் கோப்பில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

"பாத்துச் சொல்லுறாய்!"

"என்ரை கோப்பு. பாப்பன்."

"ஊர் சுத்தப் போன இடத்திலை கதைக்கவும் பழகிக்கொண்டுதான் வந்திருக்கிறாய்."

"இருந்த இடத்திலை இருந்தும் சில பேர் நல்லாத்தான் கதைக்கினம், அக்கா."

குலம் அண்ணை இரண்டு கையையும் உயர்த்தினார். "சண்டை பிடியாதைங்கோ. நாளண்டைக்கு ஆஸ்பத்திரிக்காரர் வருவினம். தவாவுக்குத்தானே திறக்குது, தவா காட்டட்டும். கோலியர்ஸ் வுட்டையும் அதுக்குப் பிறகு யோசிப்பம்."

மலர் அக்காவின் முகம் வெளிறிப்போனது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் தொதல் பெட்டியை மூடி, பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தெரு ஜன்னலடியில் போய் நின்றார்.

குலம் அண்ணை என் பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்தார். "எவ்வளவு வடிவாச் செய்து வைச்சிருக்கிறீர் பிள்ளை! நான் இவ்வளவு நாளும் இது மலரின்ரை மூளை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அம்மா தொலைபேசியில் சொன்ன அதே புகழ். மூன்று வருடம் நான் கேட்க ஆசைப்பட்டது. இப்போது என் காதுக்குள் சொல்லப்படுகிறது. அதில் ஒரு சொல்லும் என்னோடு ஒட்டவில்லை. ஒவ்வொரு சொல்லும் என்னைத் தாண்டி ஜன்னலடிக்குத்தான் போனது. எனக்கு முன்னிலும் பார்க்க ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில் மலர் அக்காவின் ஒழுங்கையே பிடித்தேன். நான் யார்? கணினி என் பெயரையும் ஒரு இலக்கத்தையும் சொன்னது: ஐந்நூற்று நான்கு. கோப்பு யாருடையது? பெயரை விட்டு இலக்கத்தில் காட்டச் சொன்னேன். ஐந்நூற்று நான்கு. பிறகு ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எழுதப்பட்ட திகதியைப் பார்த்தேன்.

"அண்ணை, எனக்கு இந்த இலக்கம் எங்காலை எடுத்தனீங்கள்?"

"காலமை மலரின்ரை பழைய கணக்கை அழிக்க ஒரு இலக்கம் சும்மா கிடந்தது. ஏன் வீணாக்குவான்? நீர்தான் முதல் வந்தனீர், உமக்குப் போட்டன். மலருக்கு அடுத்தது."

"கோப்பிலை பேர் எழுதுறதில்லை அண்ணை, இலக்கம்தான் எழுதுறது. அந்த இலக்கம் இப்ப ஆற்றையோ, அவையின்ரை பேரைத்தான் அது காட்டும். குடியிருந்தவ சாமான் எடுக்க முதல் அறையை எனக்குத் தந்திட்டியள்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீர்தானே தொடக்கினீர்?"

"திகதியைப் பாருங்கோ. போன வருசம் பங்குனி. போன வருசம் பங்குனியிலை நான் பொலிவியாவிலை வயித்தாலை போய்க் கிடந்தனான். பாஸ்போட்டைக் கொண்டுவந்து காட்டவோ?"

மூன்று வருடம் உலகம் சுற்றியதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பாஸ்போட். அது, இங்கே ஒரு வேலையும் நான் செய்யவில்லை என்று நிரூபிக்கத்தான் உதவியது.

மலர் அக்கா ஜன்னலை விட்டு வந்தார். நன்றி சொல்லவில்லை. என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்து, "இலக்கம்!" என்றார். "எனக்கு ஏன் உடனை விளங்கேல்லை?"

"உங்களைத்தான் மிசின் பாக்க விடேல்லையே" என்றேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று இருந்தது.

குலம் அண்ணை கோப்புகளை எல்லாம் மலர் அக்காவின் புது இலக்கத்துக்கு மாற்றினார். திறந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் பிரசுரத்தை அச்சடிக்கக் கொடுத்தால் பூச்சிதான் ஊர்ந்தது. இம்முறை மலர் அக்கா உடனே பிடித்துவிட்டார். எழுத்துருவை எங்கே போய் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதி வைத்திருந்தார். அந்த வழியில் எல்லாம் பழைய பெயர், தகப்பன் எழுத்தோடு. குலம் அண்ணை கோப்புறையின் பெயரையும் புருசன் எழுத்துக்கு மாற்றியிருந்தார். அப்படியொரு இடமே இப்போது இல்லை.

"எல்லாத்தையும் மாத்தி எழுத ஏலும்" என்றார் மலர் அக்கா. "ஆனால் எனக்கு ஏன்? என்ரை பழைய பேரையும் பழைய இலக்கத்தையும் தாங்கோ அண்ணை."

"கலியாணம் முடிச்ச பிள்ளை..."

"கலியாணம் வீட்டிலை, அண்ணை. இஞ்சை அப்பான்ரை எழுத்துத்தான். பெனடிக்ற் ஒண்டும் சொல்ல மாட்டார். சொன்னாலும் அந்தாளுக்கு ரூற் பாஸ்வேர்ட் தெரியாது."

கடை முழுதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதுதான் கொடுமை.

பழைய பெயரும் பழைய கோப்புறையும் ஐந்நூற்று நான்கும் அவருக்குத் திரும்பின. எனக்குப் புது இலக்கம் ஒன்று கிடைத்தது. கீழே ஒன்றும் இல்லாத வெறும் கோப்புறை. காலையில் நான் தட்டிப் பார்த்த அந்த ஒரு வரியும் அவருடையதாகிவிட்டது.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்காரர் வந்தார்கள். மலர் அக்கா ஆங்கிலத்தில் அளந்ததில் பாதி மிகை, ஆனால் அச்சு அச்சாக இருந்தது. அடுத்த மாதம் கோலியர்ஸ் வுட் அறையின் திறப்பு அவருடைய தாலிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு நூலில் தொங்கியது.

போகுமுன் என் மேசைக்கு வந்தார். "தவா, உனக்குக் கோப்பைத் திறந்து விட்டிருக்கிறன். வாசிக்கலாம். மாத்த ஏலாது."

வேறு யாருக்கும் அவர் அதைச் செய்ததில்லை. தெரிந்துதான் அப்படிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

வாசித்தேன். ஒவ்வொரு கட்டையாக வாசித்தேன். பிறகு முழுவதையும் என் வெறும் கோப்புறைக்குள் படி எடுத்து, 'ஞ'வை அவர் வைத்த இடத்திலிருந்து தூக்கி, அதைவிடக் கை எட்டுகிற ஒரு கட்டையில் வைத்தேன். நினைவு மலரின் ஓரத்தையும் கொஞ்சம் ஒடுக்கினேன். நன்றாக வந்தது. குலம் அண்ணை அந்த ஓரத்தைப் பார்த்து, "இது ஆர் செய்தது?" என்று கேட்டார். பிறகு நான் அதைப் பூட்டினேன்.

மலர் அக்கா சனிக்கிழமைகளில் டூட்டிங்குக்கு வருவார். ஒரு சனிக்கிழமை என் நினைவு மலர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். போய்த் தன் பழைய நாற்காலியில் இருந்து எதையோ தட்டினார்.

"என்னடா ராசா," என்றது அவர் குரல், "ஆர் உன்னை மறிச்சது?"

நான் திரும்பாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.