பால் திரியாத குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சமையல்காரம்மாவுக்கு வேலை போக இருந்தது. அவர் செய்த குற்றம் — அடுப்பில் வைத்த பால் திரியவில்லை.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர்தான். ஆனால், ருசியான பண்டம் எதுவானாலும் அது பாரீஸிலிருந்து வந்திருக்க வேண்டும் அவருக்கு. அவர் வியட்நாமில் இருக்கும் சைகோனைத் தாண்டிப் போனதில்லை என்பது தெருவுக்கே தெரியும்...

போன மாதம் அவர் வீட்டில் விருந்து. பாயசத்துக்கு வைத்த பால் திரிந்துவிட்டது. சமையல்கார மேரியம்மா ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவர். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை விட முடியுமா? திரிந்ததைத் துணியில் வடிகட்டி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் கிளறினார். மேசைக்கு அனுப்பிவிட்டு அந்தோணியாரை வேண்டிக்கொண்டார்.

சொல்தா ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார்.

"இது பாரீஸ் பலகாரம். அங்க பெரிய பெரிய முசியேங்கதான் சாப்புடுவாங்க."

நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

நம் இட்லி மட்டும் என்ன? முதன்முதலில் மாவைப் புளிக்க விட்டவர் ஆராய்ச்சியா செய்திருப்பார்? மறந்துபோயிருப்பார். கொட்ட மனசு வந்திருக்காது. அன்றைக்கு அவர் வாங்கிய வசவை யாரும் எழுதி வைக்கவில்லை. முதலில் சப்புக்கொட்டியவர்தான் கண்டுபிடித்தவர் ஆகிவிடுகிறார்.

போன ஞாயிறு மறுபடி விருந்து. அதே பலகாரம் வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்து நல்ல பால்! பொங்கியதே தவிர, திரியக் காணோம்.

"இன்னிக்கு மேசைக்கு அது வரலன்னா, நாளைலேருந்து நீ வர வேணாம்" என்றார் சொல்தா.

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குள் போய், "ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரிஞ்சிடுமே?" என்றேன்.

"தெரியும்ங்க ஐயா. காலைலயே பிழியப் போனேன். அவரு பாத்துட்டாரு. அது நம்ம ஊரு கைவைத்தியம், பாரீஸ்ல அப்பிடிச் செய்ய மாட்டாங்கன்னுட்டாரு" என்றார் மேரியம்மா. கண் கலங்கியிருந்தது.

நான் கூடத்துக்குத் திரும்பி, சொல்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாரீஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

அரை மணி நேரம் பேசினார். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அது தாராளம்.

பலகாரம் வந்தது. "போன தடவையைவிட அசல்" என்று தீர்ப்பும் வந்தது. மேரியம்மா மறுநாளும் வேலைக்கு வந்தார்.

சொல்தா தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை — அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.