இன்னைக்கு வேணாம்க்கா

கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பை. படுத்திருப்பவருக்குச் சிந்தாமல் கொடுக்க மகள் மருந்துக்கடையில் வாங்கி வந்தது. படுத்திருப்பவர் என் வீட்டுக்காரர். பக்கவாதம். முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். நேற்றெல்லாம் நான்தான் கஞ்சி கொடுத்தேன். இன்று காலை கோப்பையை எடுத்தவள் அப்படியே நிற்கிறேன். அவர் குரல் என்னவோ போல் இருக்கிறது, தொண்டைக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி. கொடுக்கலாமா, கூடாதா?

புது பிளாஸ்டிக்கும் வெந்த அரிசியும் கலந்த இந்த வாசனை எனக்குப் பழக்கமானது. கல்யாணமான புதிதில் திண்டுக்கல்லில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தேன். படித்தது பத்தாவது. பஸ்ஸில் என் நீலச் சேலையைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்து, காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று கேட்பார்கள். நர்ஸ் இல்லை என்று சொல்லவும் கூச்சம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அங்கே ஜெசிந்தா சிஸ்டர் இருந்தார். என்னைவிட இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சிஸ்டர் என்பேன். காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து வேலையைப் பிரித்துக் கொடுப்பார். எதை என்னிடம் விடுகிறார், எதைத் தானே வைத்துக்கொள்கிறார் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. ஊசி அவருடையது, சரி. ஆனால் ஒருவரை பாத்ரூமுக்கு நான் நடத்திப் போகலாம். பக்கத்துக் கட்டில்காரரை அவர்தான் பிடித்துப் போவார். வசதியான வீட்டு ஆட்களை மட்டும் தானே கவனித்துக்கொள்கிறார் என்று முதலில் நினைத்தேன். மறுநாளே, துணைக்கு ஆளில்லாத ஒரு மூட்டை தூக்குபவரின் காலைத் தன் கையால் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். என் கணக்கு அதோடு போயிற்று.

அப்போதுதான் சேவுகம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பூ விவசாயி. அவருக்கும் இதே பக்கவாதம். நான் கொடுத்தால்தான் வாய் திறப்பார். அதில் எனக்கு ரகசியமாகப் பெருமை. ஒருநாள் காலை கோப்பையோடு போனேன். சிஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம்க்கா. நான் பார்த்துக்கிறேன்."

எனக்கு முகம் சுண்டிப் போனது. பெரியவருக்கும் பிடிக்கவில்லை. "அந்தப் புள்ளைய வரச் சொல்லு. நீ ஊசி போடுற ஆளு."

"ஏன் தாத்தா, என் கை கசக்குதா? சரி, உங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"ஏத்தா, பேரு தெரியாமயா இம்புட்டு நாளா ஊசி போட்ட?"

வார்டே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஸ்பூன் கொடுத்தார். இருமல் வந்தது. உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். விழுங்கினால் புரையேறுகிறது என்று அன்று மூக்கில் டியூப் போட்டார்கள்.

வராந்தாவில் கேட்டேன், நேற்று நல்லாத்தானே கொடுத்தேன் என்று.

"நல்லாத்தான் குடுத்தீங்க. நேத்து இருந்த ஆளு வேற, இன்னைக்கு இருக்கிற ஆளு வேறக்கா."

எட்டிப் பார்த்தேன். அதே மீசை, அதே பச்சைத் துண்டு. வேறு ஆள் எங்கே? சில நாள் கழித்து சிஸ்டரே கோப்பையை என் கையில் கொடுத்து, இனி நீங்களே கொடுக்கலாம் என்றார். அன்றைக்கு என்ன மாறியது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"என்னடி, குடுக்கப் போறியா, வேடிக்கை பார்க்கப் போறியா?" என்கிறார் வீட்டுக்காரர். வார்த்தை குழறுகிறது.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"கல்யாணமாகி இம்புட்டு வருசத்துக்கப்புறம் பேரு கேக்குறா பாரு உங்கம்மா," என்று மகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகிறது. கோப்பையை விலக்கிக்கொள்கிறேன். என் காதில் விழுந்தது அன்றைய அந்தக் குரலா, என் பயமா? மகளை ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பசியோடு என்னையே பார்க்கிறார்.

நர்ஸிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சிஸ்டர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். பிறகு தகவல் இல்லை. கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டதை அன்று அவமானமாக நினைத்தேன். இன்று கோப்பையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.