நத்தையின் பாட்டுக்கு ஆடியவர்கள்

என் மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பேச்சும் நடையும் மெதுவாக இருப்பதால் வீட்டில் அவனுக்கு நத்தை என்று பெயர். வேலை முடிந்து வந்ததும் வாடகை அறையின் கதவிடுக்கில் துண்டைச் செருகி, மின்விசிறியை நிறுத்தி, கவிழ்த்த வாளியின் மேல் போனைச் சாய்த்துவைத்து, கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவான். அப்படி வியர்வை சொட்டச் சொட்டப் பாடி ஒரு ஆல்பம் சேர்த்திருந்தான். இணையத்தில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பினான்.

"மாமா, தனியா இருக்கும்போது கேளுங்க. கூட்டத்துல வேணாம்."

நான் ஓட்டும் சரக்கு வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டேன். வீடு வந்து சேர்ந்த ஒருவன், பூட்டைத் திறக்க மனமில்லாமல் சாவியோடு நிற்கிறான். ஒரு பாட்டு முழுக்க அவ்வளவுதான். நடுவே குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. எனக்கு என்னவோ செய்தது. வண்டியைவிட்டு இறங்கத் தோன்றவில்லை.

அதை அவன் அண்ணன்காரனுக்கும் அனுப்பியதுதான் வினை. அந்த ஆள் சோபா கடை வைத்திருக்கிறான். எதையும் மூடிவைக்கத் தெரியாது, வாயையும் சேர்த்து. மகள் பிறந்தநாளுக்கு வாடகை ஹாலில் ஊரையே கூட்டிவைத்து மைக்கைப் பிடித்தான்.

"நம்ம நத்தை பாடிருக்கான்! எல்லாரும் எழுந்து ஆடுங்க!"

பாதிப் பாட்டுக்குள் ஒருத்தி கொட்டாவி விட்டாள். "செத்தது யாருப்பா?" என்றான் ஒருவன். அண்ணன்காரன் ஸ்பீக்கர்காரனிடம், "வேகத்தைக் கூட்டுப்பா, தூக்கம் வருது" என்றான். அந்தக் கருமம் பிடித்தவனும் கூட்டினான். அடியில் டம் டம்மென்று தாளத்தை வேறு சேர்த்துவிட்டான். மச்சினன் குரல் அணில்போலக் கீச்சிட்டது. நரைத்த தலைகளெல்லாம் இடுப்பை ஆட்டின. வாயில் கேக் பிதுங்கப் பிதுங்கச் சிரித்தார்கள்.

அவன் சுவரோரம் தட்டோடு நின்றிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

"பாருங்க மச்சான், சந்தோஷத்துல தம்பிக்குப் பேச்சே வரல" என்று அண்ணன்காரன் என் தோளைத் தட்டினான். சோபாவைத் தட்டித் தட்டிப் பழகின கை.

"கையை எடுய்யா" என்றேன்.

திரும்பினால் மச்சினனைக் காணோம். வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் மாமா. என் குரலே எனக்கு அசிங்கமா இருக்கு."

"அசிங்கம் பண்ணினது அதுங்க. நீ எதுக்குடா மாப்ள அழிக்கணும்? நான் நாலு தடவை கேட்டேன். சரக்கு வரலன்னு முதலாளி கத்தினான், அப்பவும் கேட்டேன்."

"நாலு தடவையா?"

"தனியாத்தான்."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் ஆல்பத்தை இணையத்தில் போட்டான். சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணன்காரன் ஸ்பீக்கர்காரனிடம் வாங்கிவைத்த அந்த அணில் கத்தலைத்தான் இன்னும் கடையில் அலறவிட்டுக்கொண்டிருக்கிறான். சோபா வாங்க வருகிறவர்களின் தலையெழுத்து.