இடது பக்கமே பார்த்த ஆடு

படம் போடுகிற தொழிலில் கூலி கிடையாது; "இது என்னது?" என்று நாலு பேர் கேட்பதுதான் கூலி. தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, மூக்கு வரைந்தால் அது கொம்பாகி, கொம்பு வரைந்தால் அது காதாகி, கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்கள் நம்ம ஆள். கிட்ட வந்து உட்காருங்கள்.

எங்கள் தெரு முத்துப்பேட்டைப் பக்கம். நான் சொல்கிற காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருந்தார். அப்படிப் போனவர்களை சபராளி என்போம். ஊருக்குக் கலர் டிவி வந்துவிட்டது, கடைத்தெருவுக்கு வெளிநாட்டு போன் பேசுகிற பூத்தும் வந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை பூத்தில் நின்று பேசுகிற பேச்சு ஊரே கேட்கிற பேச்சு. மனசில் இருப்பது கடிதாசியில்தான் போகும். நானோ நாலாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு எழுதுவது நாத்தனார் ஜமீலா. சொன்னதையும் எழுதுவாள், சொல்லாததையும் எழுதுவாள். என் கையால் ஆனது என்று கடிதாசியில் ஒன்றாவது இருக்கட்டுமே என்று அடியில் ஒரு படம் போட ஆரம்பித்தேன். அதைப் பார்த்தால் அவருக்கு நான் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அஞ்சு கால்

தெருவில் ஒரு கிடா இருந்தது. பகல் பதினொரு மணிக்கு வீடு வீடாக நுழையும். அடுப்படி வரைக்கும் வந்து பானை, முறம், அரிசி டின் எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போகும். தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தோம். முதல் படத்தில் அதைத்தான் போட்டேன். போட்டு முடித்ததும் எனக்கே சந்தேகம். கால் நாலுதான் போட்டதாக ஞாபகம். எண்ணினால் அஞ்சு இருந்தது. எது அதிகப்படி என்றும் தெரியவில்லை. அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஜமீலா படித்தாள், நான் அடுப்பில் இருந்த பாலை மறந்து கேட்டேன். என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: "உன் படத்தை ரூம் சுவத்துல ஒட்டியாச்சு. ஏழு பேர் இருக்கோம். மூணு பேர் நாய்ங்கிறான், ரெண்டு பேர் கழுதைங்கிறான், சமையக்காரர் ஒட்டகம்னு சாதிக்கிறாரு. நான் மட்டும் ஆடுன்னு சொன்னேன், உன் மேல உள்ள பிரியத்துல."

மாமியார் தீர்ப்பு

"உசுருள்ளதை வரையக் கூடாதும்பாங்க. நீ பாட்டுக்கு வரைஞ்சு தள்ளுறியே" என்றார் மாமியார். ஒரு கடிதாசி படமில்லாமல் போனது. உடனே அங்கிருந்து கேள்வி: தாசில்தாருக்கு உடம்பு சரியில்லையா, மாற்றல் ஆகிவிட்டதா?

மகன் கேட்டுவிட்டான் என்றதும் மாமியார் மனசு இளகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அனுப்பாமல் விட்ட ஒரு பழைய படத்தைக் கேட்டு வாங்கினார். நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், ஜன்னல் ஓரம் கொண்டுபோயும் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது அல்லா படைச்ச எதைப் போலயும் இல்லையே. பயப்படாம வரை."

எதிரும் புதிருமாக

பேச்சு பரவி, மற்ற வீட்டுக் கடிதாசிகளுக்கும் படம் கேட்டு வந்தார்கள். முதலில் வந்தது எதிர்வீட்டு ரஹ்மத் மாமி. அவர் மகன் பஷீர் என் வீட்டுக்காரர் இருந்த அதே ரூமில்தான் தங்கியிருந்தான். "நானும் மாமாவும் எதிரும் புதிருமா உக்காந்து டீ குடிக்கிற மாதிரி போடும்மா. புள்ள பாத்து சந்தோசப்படட்டும்" என்றார்.

அன்றைக்குத்தான் என் கையின் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. இடது பக்கம் பார்க்கிற முகம் மட்டும்தான் எனக்கு வரும். ஆளானாலும் ஆடானாலும் அதே கதை. வலது பக்கம் திருப்பினால் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கை குழம்பிப் போய்விடும். உங்களுக்கும் ஒரு பக்கம் வராது, வெளியே சொல்லமாட்டீர்கள். கடிதாசியைத் திருப்பி வெயிலில் பிடித்து, பின்பக்கமாக வரைந்து பார்த்தேன். மாமிக்கும் எழுதிக்கொடுத்த ஜமீலாவின் எழுத்தெல்லாம் முகத்துக்குள் புகுந்து, மாமாவுக்கு அம்மை வார்த்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு பேரையும் இடது பக்கமே பார்க்க வைத்தேன். மாமா முன்னால், மாமி பின்னால், கையில் ஆளுக்கொரு டீ கிளாஸ்.

மாமி ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, நாங்க வீட்டுல டீ குடிக்கிறமா, வேதாரண்யம் பஸ்ஸுல போறமா?"

அசல் எது

லீவில் வந்த ஒரு சபராளியிடம் என் வீட்டுக்காரர் ஒரு கவர் கொடுத்து அனுப்பியிருந்தார். செண்டு பாட்டிலாக இருக்கும் என்று பிரித்தேன். உள்ளே ஏழு தாள். ரூமில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தாசில்தார் வரைந்திருந்தார்கள். ஒன்றில் தாசில்தார் ஏர்போர்ட்டில் தன் பாஸ்போர்ட்டைத் தானே தின்றுகொண்டிருந்தது. ஒன்றில் ஒட்டகத்தின் பல்லைச் சோதனை போட்டது. சமையல்காரர் போட்டதில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டது. எல்லாவற்றிலும் தாசில்தார் இடது பக்கமே பார்த்தது. எல்லாவற்றிலும் அஞ்சு கால். நான் தெரியாமல் செய்ததை அவர்கள் லட்சணம் என்று எடுத்துக்கொண்டு அக்கறையாகப் பின்பற்றியிருந்தார்கள். சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

அதில் ஒரு தாளை எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. போட்டவர் செல்வராசு அண்ணன். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். ஊரில் குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டு, ஓய்ந்த நாளில் சுவர் விளம்பரம் எழுதியவர். வாய்க்காலில் தண்ணீர் வராமல் இரண்டு குறுவை போனதும் விமானம் ஏறி, அங்கே குழாய்களுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவர் தாசில்தாருக்குத் தாடி மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. கண்ணில் உத்தியோகத் திமிர் தெரிந்தது. ஜமீலா என் படத்தையும் அவர் படத்தையும் பாயில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். "மதினி, கோவிச்சுக்காதீங்க. இதுதான் அசல் தாசில்தார். நீங்க போட்டது இதைப் பாத்து காப்பி அடிச்ச மாதிரி இருக்கு."

முன் சீட்டு

ரஹ்மத் மாமியின் வீட்டுக்காரர் ஒரு நாள் மவுத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. பஷீர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான், வந்தால் திரும்பப் போக முடியாது. ஆகவே சொல்லவேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போகிற கடிதாசியில் முதல் வரி ஒன்றுதான்: எல்லாரும் நல்லா இருக்கோம், நீ மனசைக் குழப்பிக்காம வேலையைப் பாரு.

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்ததால் மாமி வெளியே வரக்கூடாது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வழக்கம்போல ரெண்டு பேரையும் போடும்மா" என்றார். என் கை ஓடவில்லை. இது பொய்யா, உபகாரமா? மாமாவுக்கு டீ கிளாஸ் போடலாமா, கூடாதா? அதுகூட எனக்குப் புரியவில்லை. போட்டேன். நாலு மாதமும் போட்டேன். பிறகு ஊரிலிருந்து போன ஒருவர் வாய் தவறிச் சொல்ல, பஷீருக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று என் வீட்டுக்காரர் எழுதினார். அதை மாமியிடம் சொல்லி, நான் செய்தது தப்புதான் என்று அழுதேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுவாதேம்மா. இத்தா இருந்த நாலு மாசமும் அவரு எனக்கு முன் சீட்டுலதான் உக்காந்திருந்தாரு."

கை திருந்தியது

காப்பி என்று ஜமீலா சொன்னது எனக்குள் முள்ளாகவே இருந்தது. அதை செல்வராசு அண்ணனுக்கே சொல்லி அனுப்பினேன். அவர் என் வீட்டுக்காரர் கடிதாசியின் ஓரத்தில் பாடம் எழுதினார்: மூக்கில் ஆரம்பிக்காதீங்க தங்கச்சி, முதுகில் ஆரம்பிங்க; முகம் போகவேண்டிய பக்கம் தன்னால் போகும். காலண்டர் தாள் கிழிக்கக் கிழிக்க அதன் பின்பக்கம் பழகினேன். தாள் போதாமல் அடுப்படித் தரையில் கரித்துண்டால் பழகினேன். மாமியார் விளக்குமாறால் கூட்டிவிட்டு, "தாசில்தாரை மாத்தியாச்சு" என்பார்.

ஒரு நாள் காலையில் தாசில்தார் வலது பக்கம் திரும்பியது. எண்ணிப் பார்த்தேன், நாலு கால். தாடியும் வந்துவிட்டது. எதிரே என்னையும் போட்டேன். நானும் ஆடும் முதன்முதலாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். அவர் பிரித்துப் பார்க்கும்போது முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஜமீலா கடிதாசியை எழுதி மடித்தாள். நான் தங்கையின் பிரசவத்துக்காக வேதாரண்யத்துக்கு பஸ் ஏறப் பையோடு நின்றேன். தபால் பெட்டியில் போடுமுன் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவள் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்: "மதினி, இது நீங்க போட்டதுன்னு சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டாங்க."

பொட்டி இல்லாத சபராளி

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். என் வீட்டுக்காரர் கடிதாசியைப் பிரித்திருக்கிறார். நாலு கால், தாடி, வலது பக்கம் பார்க்கிற முகம். "இது அவ கை இல்லையே" என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்த பஷீர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். படத்தை நம்பி ஏமாந்தவனின் அந்தப் பேசாமை போதாதா? வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் பூத்துக்கு போன் போட்டிருக்கிறார். பூத்துக்காரர், "அவங்க ஊர்ல இல்லைங்களே" என்று இழுத்திருக்கிறார். ஆள் விட்டு மாமியாரைக் கூட்டி வந்தார்கள். மாமியாருக்குக் காது மந்தம். அவர் கேட்டது எதுவும் விழாமல், போனில் எல்லாரும் சொல்கிறதையே இவரும் கத்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்: எல்லாரும் நல்லா இருக்கோம், நீ மனசைக் குழப்பிக்காம வேலையைப் பாரு.

போன் வந்த ஆறாம் நாள் காலையில்தான் நான் வேதாரண்யத்திலிருந்து திரும்பியிருந்தேன். கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் நிழல் ஆடியது. தாசில்தார் வந்துவிட்டது போல என்று விரட்ட எழுந்தேன். அவர் நின்றார். கசங்கிய சட்டை, கையில் ஒரு சின்னப் பை. என்னைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே என்ன ஆயிற்றோ, வேலை போய்விட்டதோ என்று நான் பதற, அவர் என்னையே வெறித்துப் பார்க்க, தெருவே உள்ளே வந்துவிட்டது. "பொட்டி இல்லாம வந்த சபராளியை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் ரஹ்மத் மாமி.

சட்டைப் பையிலிருந்து கடிதாசியை எடுத்து நீட்டினார். "இதை யாரு போட்டது?"

"நான்தான் மச்சான்."

"பொய் சொல்லாதே. உசுரே போச்சு எனக்கு. இப்ப போடு, பாப்போம்."

ஜமீலா தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். மீன் வாடைக் கையோடு உட்கார்ந்தேன். செல்வராசு அண்ணன் சொன்னபடி முதுகில்தான் ஆரம்பித்தேன். ஆனால் சுற்றி இருபது பேர், நடுவில் அவர் முகம். பழகினதெல்லாம் எங்கே போனதோ, தாசில்தார் தன் பாட்டுக்கு இடது பக்கம் திரும்பிக்கொண்டது. தாடி கழுத்தில் முளைத்தது. அவர் தாளை வாங்கி, கால்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த அஞ்சாவது காலைப் பாக்க, வர்ற ரெண்டு வருச லீவை எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

பத்து நாள் இருந்துவிட்டுப் போனவரை அப்புறம் நான் பார்க்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதால், படம் பழகுகிற மக்களே, கை திருந்தப் போகிறது என்று தெரிந்தால் முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு தந்தி அடித்துவிட்டு அப்புறம் திருந்துங்கள்.