ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மௌனம்

எங்கள் கட்டடத்தில் புதிய லிஃப்ட் வந்த பிறகு ஏழாம் மாடியிலிருந்து தரைக்கு இறங்க இருபத்திரண்டு வினாடி ஆகிறது. பழையதில் நாற்பத்தொன்பது ஆகும். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பத்தொரு வருஷம் சரக்கு வேகன்களை எண்ணி எழுதியவன் நான். ஓய்வு பெற்று டாலிகஞ்சில் இந்த ஆறாம் மாடி வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. என் மாடிக்குப் படிகள் நூற்றெட்டு, எனக்கு மேல் மாடிக்கு நூற்றிருபத்தாறு. எண்ணாமல் ஒரு படி ஏறினால்கூட எதையோ கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தது போல இருக்கும்.

நேர்மேலே ஏழாம் மாடியில் ஒருவர் தனியாக இருக்கிறார். இங்குள்ள சினிமா ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவு செய்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி, நான்கு வருஷத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டன. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் இந்த ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் என்ற பொருளில் ‘தாதா’ என்பேன். அவர் என்னை ‘மொஷாய்’ என்பார். நம் ‘ஐயா’ மாதிரி, ஆனால் அவர் சொல்லும்போது அதில் கொஞ்சம் கிண்டல் இருக்கும். எங்கள் பேச்சு முழுக்க வங்க மொழிதான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தினமும் காலை ஆறரைக்கு அவர் தன் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இறங்கி, கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவார். பதினைந்து நிமிஷம் கழித்து நான் போவேன். ஜாம்ஷெட்பூரில் அவருக்கு ஒரு தங்கை உண்டு. கண் போன வருஷம் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தனியாக இறங்கிப் போகும்வரை அவர் இங்கே இருக்கலாம். என்றைக்கு முடியவில்லையோ அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம். அப்போது பழைய லிஃப்ட் இருந்தது.

லக்ஷ்மி பூஜை முடிந்து இரண்டு நாள் அவர் டீக்கு வரவில்லை. மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. தரை என்று நினைத்து மூன்றாம் மாடியில் இறங்கியிருக்கிறார். கேட் இருக்க வேண்டிய திசையில் நடந்து, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் போய், அங்கே தலை துவட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டிருக்கிறார். அவள் கூச்சலிடவில்லை, டீயே போட்டுக் கொடுத்தாள். ஆனால் யாரோ ஜாம்ஷெட்பூருக்குப் போன் போட்டுவிட்டார்கள். தீபாவளியன்று வரும் காளி பூஜைக்கு முன்னால் வந்து நேரில் பார்க்கிறேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

காலையில் நானே மேலே வந்து அழைத்துப் போகிறேன் என்றேன். தாதா மறுத்தார்.

“நீங்க கையைப் பிடிச்ச அன்னிக்கே நான் ஜாம்ஷெட்பூர் போயாச்சு மொஷாய். அதுக்கு ரயில் வேற எதுக்கு?”

ஆகவே நான் லிஃப்டை ஆராய்ந்தேன். பொத்தானே இல்லை. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று, அதில் ஒளிரும் எழுத்துகள். மேலே ஏழில் தொடங்கித் தரை வரை எட்டு. அதற்குக் கீழே கதவு திறக்க, மூட, மின்விசிறி, ஆபத்து மணி என்று நான்கு. மொத்தம் பன்னிரண்டு. கீழ் விளிம்பிலிருந்து ஐந்தாவது தரை. இதைவிட எளிதாக என்ன வேண்டும்? ஒரு தாளில் படம் போட்டு, இடைவெளிகளை அளந்து, தாதாவின் கையைப் பிடித்துப் பாடம் நடத்தினேன். அவர் கீழிருந்து எண்ணத் தொடங்கினார். விரல் பட்ட இடமெல்லாம் பொத்தானாகிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் தொடுதலில் ஆபத்து மணி அடித்தது. காவலாளி படியேறி ஓடிவந்தார். அதற்குள் தாதாவின் விரல் தடவித் தடவி எல்லா எழுத்தையும் தொட்டு மேலே போயிருந்ததால், நாங்கள் எல்லா மாடியிலும் நின்று நின்று இறங்கினோம்.

“நல்ல ஊர்வலம்,” என்றார் தாதா. ஆனால் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அன்று மாலை பெங்களூரில் இருக்கும் மகளிடம் முறையிட்டேன். அவள் வேலையே இதுதான். ஒரு பொருளையோ திரையையோ பயன்படுத்துகிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்று பார்த்து வடிவமைப்பது. யூஎக்ஸ் என்கிறாள். பத்து வருஷமாக நான் அதைக் கலர் அடிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாதாவுக்கு எண்ண வரவில்லை, அதுதான் சிக்கல் என்று அவளிடம் சொன்னேன்.

“அவருக்கு வராதுன்னு யாருப்பா சொன்னா? எண்றது உன் வழி. அவரு வழி என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“கண்ணு தெரியாதவருக்கு எண்ணாம வேற வழி ஏது?”

“அதைத்தான் பார்க்கணும். கேக்காத, சொல்லிக் குடுக்காத. கூடப் போய் நில்லு. கையைப் பின்னாடி கட்டிக்கோ, வாயை மூடிக்கோ.”

இது அவள் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “நாப்பது வருசமா நான் சொன்னதுதாங்க இது. மக சொன்னாத்தான் ஏறுது,” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மகள் எழுதிய அறிமுகப் பாடம் ஒன்றை எனக்கு அனுப்பினாள். பதினான்கு பக்கம். பென்சிலோடு இரண்டு முறை படித்தேன். வடிவமைக்கிறவன் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. தொட்டால் பொருள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாத பொருள் ஆளைக் கைவிட்டதாக அர்த்தம். ஒருவர் தப்புச் செய்தால் அவரைப் பார்க்காதே, முதலில் பொருளைப் பார். பெரிதாகச் செய்து கெடுக்காமல் சின்னதாகச் செய்து சோதித்துப் பார். ஆட்கள் தாம் எப்படிச் செய்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் அவர்களுக்கே தெரியாது. இந்தக் கடைசி வரியின் பக்கத்தில் நான் கேள்விக்குறி போட்டேன். எனக்கு நான் செய்வதெல்லாம் தெரியும் என்றுதான் அதுவரை எண்ணம்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, கட்டடமே சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், தாதாவும் நானும் லிஃப்டுக்குள் நின்றோம். பழைய லிஃப்டில் எப்படிப் போவீர்களோ அப்படிப் போங்கள் என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, என் கண்களையும் மூடிக்கொண்டேன்.

கதவு மூடியதும் உலகம் மூடிக்கொண்டது. நாங்கள் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியவில்லை. காலடியில் மெல்லிய ஒரு மிதப்பு, தூக்கம் வரும் முன் உடம்பு கழன்று போவதைப் போல. எண்ண நினைத்தேன். ஆனால் எதை எண்ணுவது? வேகன் போனால் சக்கரம் தண்டவாள இணைப்பைத் தட்டும், அதை எண்ணலாம். இங்கே தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கதவு திறந்தது. எந்த மாடி என்று தெரியாமல், அறுபத்தொன்பது வயதில், என் சொந்தக் கட்டடத்துக்குள் நான் எங்கேயும் இல்லாமல் நின்றேன். கடுகெண்ணெய் வாசனை வந்தது. யாரோ வெகுதொலைவில் தட்டுக் கழுவினார்கள். கதவு மூடிற்று. மறுபடி அந்த மிதப்பு.

தாதாதான் முதலில் பேசினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு செட்டிலும் வேலை முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து, ஒரு நிமிஷம் மௌனத்தைப் பதிவு செய்வார்களாம். ஓர் அறையின் மௌனம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பேச்சுக்கு நடுவே வெட்டி ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். பழைய லிஃப்டில் கம்பிக் கதவுதான், ஒவ்வொரு மாடியும் உள்ளே வரும். இரண்டாம் மாடியின் மௌனம் ஈரமானது, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். ஐந்தாவதில் யாரும் வாசிக்காத ஆர்மோனியம் ஒன்று காற்றுக்கு லேசாக முனகும். தரை வரும்போது கால் விரல்களிலேயே தெருவின் சத்தம் ஏறும். இறங்கத் தொடவேண்டிய பொத்தானும் ஒன்றுதான், அதன் ஓரம் உடைந்திருக்கும். அவர் ஒருநாளும் மாடிகளை எண்ணியதில்லை.

“இதுல எல்லா மாடிக்கும் ஒரே மௌனம் மொஷாய். நான் என்ன பண்றது?”

பிறகு, “முதல் வாரம் உள்ளே ஒரு பொண்ணு பேசிட்டு இருந்தா. ரெக்கார்டிங் மகா மோசம், குளியலறைக்குள்ள நிக்கவச்சு எடுத்திருக்கானுங்க. ஆனா உண்மையைச் சொன்னா. நான் தப்பா அமுக்கினாலும் இது நாலாவது மாடின்னு சொல்லிடுவா, திரும்ப அமுக்குவேன். ஒருநாள் திடீர்னு அவளை அனுப்பிட்டாங்க,” என்றார்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது.

அவளை அனுப்பியது நான்தான். எங்கள் வரவேற்பறைச் சுவரும் லிஃப்டின் சுவரும் ஒன்று. லிஃப்ட் வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அந்தக் குரல் எத்தனை தடவை பேசுகிறது என்று எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. எண்ணிக்கையோடு கட்டடச் செயலாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் குரலை நிறுத்தினார்கள். வெற்றி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். தாதா மூன்றாம் மாடியில் இறங்கியதற்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு இந்த இருட்டு வேண்டியிருந்தது.

அடுத்த கதவு திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். வெளிச்சத்தில் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

லிஃப்ட் எங்கோ நின்று, யாரும் ஏறாமல், மறுபடி மூடிக்கொண்டது.

“இருநூத்திப் பதினாலா?”

“ஆமாம் தாதா.”

“ஒரு நாள் பூரா உட்கார்ந்து கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என் அசிஸ்டென்ட் ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்ல. கேட்டவர், அவ என்ன சொல்றா, யாருக்குச் சொல்றான்னு கேட்டிருக்கலாம்.” அவ்வளவுதான். கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அதை அவர் விலக்கவில்லை.

குரலைத் திரும்பப் போடச் சொல்லிப் போனபோது, செயலாளர் என் பழைய புகார்த் தாளை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். நிறுத்தச் சொன்னதும் நீங்கள், போடச் சொல்வதும் நீங்களா என்றார். ஆமாம் என்று எழுதியே கொடுத்தேன். அந்தப் பெண்ணின் சத்தத்துக்கு மூன்று அளவு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. நடு அளவில் வைத்தார்கள். இரவு பத்துக்குமேல் அவள் பேசமாட்டாள். இது முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மீதி இருந்தது விரல். என் மனைவியின் கல் பொட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் தரைக்குரிய எழுத்தின்மேல் ஒட்டினேன். அதைத் தேடிய தாதாவின் விரல் வழியிலுள்ள நான்கையும் தொட்டுவிட்டது, மறுபடி மணி. பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள், “கண்ணாடி மேல ஏங்க ஒட்டுறீங்க? நான் ராத்திரி பொட்டை எங்க ஒட்டுறேன்? சட்டத்துலதானே.” அவள் முகம் பார்க்கும் கண்ணாடியின் மரச்சட்டத்தில் பதினேழு பொட்டு இருக்கும், எண்ணியிருக்கிறேன். ஆனால் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று நினைத்ததில்லை.

லிஃப்டிலும் பலகையைச் சுற்றி எஃகுச் சட்டம் இருந்தது. அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தரைக்கு நேராக ஒன்று, ஏழுக்கு நேராக ஒன்று, இரண்டே பொட்டு. தாதாவுக்கு மற்ற பத்தும் வேண்டாம். விரல் சட்டத்தில் இறங்கி, கல்லில் நின்று, பக்கவாட்டில் ஒரு தட்டு. குரல் பதில் சொன்னது. ஆறு நாளில் நாற்பத்தொரு முறை போய்வந்தார். இரண்டு தடவை தவறினார், இரண்டு தடவையும் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டார். நான் கையைப் பின்னால் கட்டியபடி நின்றேன். அதுதான் கடினமான வேலை.

தங்கை காளி பூஜைக்கு மூன்று நாள் முன்னால் வந்தாள். வெள்ளைப் புடவை, நேரான பார்வை, முழங்காலில் வலி. மறுநாள் ஆறரைக்கு தாதா கதவைத் திறந்து லிஃப்டுக்குப் போனார். நான் கூட வரமாட்டேன், நீ மட்டும் போய்க் காட்டு என்று அவள் சொல்லியிருந்தாளாம். என் வீட்டுச் சுவர் வழியாக “ஏழாவது மாடி, கதவு மூடுகிறது” என்று ஆங்கிலத்தில் கேட்டது. நூறு வரை எண்ணிப் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை, ரப்பர் செருப்போடு படியில் ஓடினேன். நான்காம் மாடித் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக அந்த அம்மாளும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்த்தோம். அவளும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாதவள்தான். சேர்ந்து இறங்கினோம்.

நாங்கள் கேட்டைத் தாண்டியபோது தாதா பெஞ்சில் இருந்தார். கையில் மண் குவளை, ஆவி முகத்தில் படிந்துகொண்டிருந்தது. தெருவில் இன்னும் பனி, டிராம் டிப்போவுக்குப் போகும் ஆட்டோக்கள் அதற்குள்ளிருந்து உருவாகி அதற்குள்ளேயே கரைந்தன. அவர் திரும்பாமலே டீக்கடைக்காரரிடம் சொன்னார்.

“இன்னும் ரெண்டு டீ. படியில வந்தவங்களுக்கு. ரப்பர் செருப்பு, அது மொஷாய். இன்னொருத்தருக்கு வலது முட்டி சரியில்ல, பெஞ்சைத் தொடைச்சுக் குடு.”

தங்கை உட்கார்ந்தாள். குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முழுக்கக் குடித்தாள். தெருவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து என் பக்கம் திரும்பினாள். நீங்கள் ரயில்வேக்காரர்தானே என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஹவுராவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேருக்கு முன்பதிவு செய்திருந்தாள். அதில் ஒரு பெயரை மட்டும் நீக்க முடியுமா?

முடியும் என்றேன். திரையில் இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு சிறு கட்டம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே தேடி, அண்ணன் பெயருக்கு முன்னால் தொட்டாள். உடனே நீக்கிவிடாமல், நிச்சயமாகத்தானா என்று திரை ஒருமுறை கேட்டது. யாரோ முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, இந்த அம்மாளின் விரல் இங்கே நிற்கும் என்று யோசித்திருக்கிறார். அவள் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு ஆம் என்பதைத் தொட்டாள்.